லால்பாக்கில் ரோஜா பார்க்கப் போகிறவர்களுக்கு

பெங்களூரின் லால்பாக் தாவரவியல் பூங்கா 240 ஏக்கர். திட்டமில்லாமல் நுழைந்தால் கால்தான் கெஞ்சும். மெட்ரோவில் பச்சை வழித்தடம், லால்பாக் நிலையம். வண்டி எடுத்துப் போய் பார்க்கிங் தேடி அல்லாடாதீர்கள்.

மலர்க் கண்காட்சி ஆண்டுக்கு இரண்டு: குடியரசு தினத்தையொட்டி ஜனவரியில், சுதந்திர தினத்தையொட்டி ஆகஸ்டில். ரோஜாவுக்காகவே போவதென்றால் ஜனவரிதான். குளிரில் மொட்டு நிதானமாக விரிவதால் பூ பெரிதாகும், நிறம் அடர்த்தியாகும். ஆகஸ்டில் நனைந்த வெளியிதழ்கள் ஒட்டிக்கொண்டு, மொட்டு விரியாமலே பழுப்பாகி அழுகுவதுண்டு.

கண்ணாடி மாளிகையில் (1889இல் அடிக்கல் நாட்டியது) பூக்களால் பெரிய உருவங்கள் செய்து வைப்பார்கள். அவை பறித்த பூக்கள், நாளாக ஆக வாடும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள், வார நாளில், காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் வாசனையும் போய்விடும். செல்போனில் சிவப்பு ரோஜா வெறும் சிவப்புத் திட்டாக விழும். திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் இதழ் மடிப்புகள் தெரியும்.

வெளியே கடைகளில் செடி வாங்குகிறீர்களா? பூவைப் பார்த்து மயங்காமல் அடித்தண்டைப் பாருங்கள். காட்டு ரோஜாவின் வேர்ச்செடியில் நல்ல ரோஜாவை ஒட்டுப் போட்ட இடம் முண்டாகத் தெரியும். அதற்குக் கீழிருந்து துளிர் கிளம்பியிருந்தால் அது காட்டு வேர்ச்செடியின் கிளை, சத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். வேறு செடி கேளுங்கள். துணிப்பை மறக்க வேண்டாம்.