கட்டரும் கிரைண்டரும்: மழை ஓயாத ஊரின் வீட்டுப் பட்டறைக்கு

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை முதல் குலசேகரம் வரை, வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் டிரில்லிங் மெஷின், நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், மார்பிள் கட்டர் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. ரப்பர் மரப் பலகையில் அலமாரி அடிப்பதும், கேட்டுக்கு இரும்புக் கம்பி வெட்டுவதும் வீட்டிலேயே நடக்கிறது. இந்த மூன்று கருவிகளும் ஒழுங்காக வைத்திருந்தால் பல ஆண்டு உழைக்கும். கை போகிற விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணம், நாமே கழற்றிப்போட்ட கார்டு (பிளேடை மூடும் காப்புத் தகடு), நாமே மாட்டிய பொருந்தாத பிளேடு.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கரண்ட். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஓய்ந்து தரை காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும் ஊர் இது. சாய்ப்பின் தரை எப்போதும் குளிர்ந்து ஈரமாகத்தான் இருக்கும். பட்டறைக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் வேண்டும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரிலும் கிடைக்கும். அவை கசிவால் தீப்பிடிப்பதைத் தடுக்க உதவும், ஷாக் அடித்த ஆளைக் காப்பாற்றாது. எம்சிபி (லோடு கூடினால் டிரிப் ஆகும் ஸ்விட்ச்) இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். எம்சிபி காப்பது வயரை. உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும் சிறிய மின்னோட்டம் அதற்குத் தெரியவே தெரியாது. மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கட் ஆகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றும்வரை பட்டறையில் வேலை வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் கேபிள் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருக்கட்டும். 20 மீட்டருக்கு மேல் இழுத்தால் 2.5. பல்புக்குப் போடும் மெல்லிய வயரில் கிரைண்டரை ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் திணறிச் சூடாகும். சுருளாகச் சுற்றிவைத்த கேபிளை முழுக்கப் பிரித்துவிட்டே பயன்படுத்துங்கள். சுருளுக்குள் சூடு தேங்கி உறை உருகிவிடும். டேப் சுற்றிய ஜாயின்ட் தரையில் கிடக்கவே கூடாது. காய்ந்த பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் மூடிய ஷூவோடு நில்லுங்கள்.

இன்னொன்று, கரண்ட் போய்த் திரும்பி வருவது. பல கிரைண்டர்களில் ஸ்விட்சைத் தள்ளிவிட்டால் அப்படியே பூட்டிக்கொள்ளும். வேலை நடுவே கரண்ட் போனதும் மெஷினை அப்படியே வைத்துவிட்டுப் போகிறோம். அரை மணி கழித்துக் கரண்ட் வரும்போது, மேசையில் கிடக்கும் மெஷின் தானாக ஓடத் தொடங்கி, தரையில் விழுந்து துள்ளும். கரண்ட் போன கணமே ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். டிஸ்க், பிளேடு, பிட் எதை மாற்றினாலும் பிளக் வெளியே இருக்க வேண்டும்.

ஆங்கிள் கிரைண்டர்

நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் உடைந்த துண்டுக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே இருப்பது கார்டு மட்டும்தான். அஞ்சு இஞ்ச் டிஸ்க்கைப் போடுவதற்காகக் கார்டைக் கழற்றுவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிஸ்க்கில் அச்சிட்ட உச்ச வேகம் மெஷினில் எழுதிய வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். நாலு இஞ்ச் டிஸ்க்கில் வழக்கமாக 15,000க்கு மேல் போட்டிருக்கும், அஞ்சு இஞ்சில் 12,200 ஒட்டித்தான் இருக்கும்.

டிஸ்க்கின் நடுவே உள்ள தகர வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். அது காலாவதித் தேதி, பொதுவாகத் தயாரித்து 3 ஆண்டு. கட்டிங் டிஸ்க்கில் உராய்வுத் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் என்ற பசை. ஈரம் அதைத் தளர்த்திவிடும். மழைக்காலம் முழுதும் சாய்ப்புச் சுவரில் ஆணியில் தொங்கிய டிஸ்க், பார்க்கப் புதிதாக இருந்தாலும் நம்பத்தக்கதல்ல. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், தட்டையாகப் படுக்கவைத்துச் சேமியுங்கள். புதிதாக மாட்டியதும், டிஸ்க் சுற்றும் கோட்டில் ஆள் நிற்காதபடி பிடித்து, ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். பழுதானது பெரும்பாலும் அதற்குள் உடைந்துவிடும்.

ஒரு மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டை வைத்துத் தேய்க்கக் கூடாது. தேய்க்க 6 மில்லிமீட்டர் கிரைண்டிங் வீல் தனியாக உண்டு. கம்பியை வெட்டும்போது, வெட்டு முடிய முடிய வெட்டின் வாய் (வெட்டிய இடைவெளி) விரியும்படி தாங்கு கொடுங்கள். இரண்டு முனையிலும் செங்கல் வைத்து நடுவில் வெட்டினால், கம்பி தொய்ந்து வாய் மூடி டிஸ்க்கைக் கவ்வும். அந்த நொடியில் மெஷின் உங்களை நோக்கி எகிறும். பக்கக் கைப்பிடியை மாட்டி, இரு கையாலும் பிடித்திருந்தால் மட்டுமே அதை அடக்கலாம்.

வீட்டில் சாரம் (லுங்கி)தானே உடுத்துகிறோம். ஸ்விட்சை அணைத்த பிறகும் டிஸ்க் சில வினாடி சுற்றும். அப்போது கையைத் தொடைப் பக்கம் இறக்கினால், சாரத்தின் தொங்கல் உள்ளே இழுபட்டு மெஷின் தொடையில் ஏறிவிடும். பேண்ட் போடுங்கள். மோதிரம், கழுத்துச் செயின், மணிக்கட்டுக் கயிறு எல்லாம் கழற்றி வைத்தாகட்டும். கிரைண்டருக்கு இறுக்கமான தோல் கையுறை நல்லது. டிரில்லுக்கும் டேபிள் ரம்பத்துக்கும் கையுறையே வேண்டாம், நூல் சிக்கி விரலை இழுத்துவிடும்.

மரத்துக்கு மார்பிள் கட்டர் வேண்டாம்

கல் வெட்டும் மார்பிள் கட்டரில் பல் பிளேடு போட்டுப் பலகை அறுப்பது எங்கும் நடக்கிறது. அதன் வேகம் 12,000க்கு மேல். மரத்துக்கான ஏழு இஞ்ச் சர்க்குலர் சா (வட்ட ரம்பம்) சுமார் 5,000. சர்க்குலர் சாவில், பலகையை விட்டு எடுத்ததும் ஸ்பிரிங்கால் பிளேடை மூடிக்கொள்ளும் கீழ்க் கார்டு உண்டு. மார்பிள் கட்டரில் அது கிடையாது. இன்னும் மோசமானது, கார்டு கழற்றிய கிரைண்டரில் பல் பிளேடு மாட்டுவது. எந்த அவசரத்துக்கும் அது வேண்டாம்.

ரப்பர் மரத்தில் உள் இழுவிசை அதிகம். அறுக்க அறுக்க வெட்டு வாய் மூடிக்கொண்டு பிளேடைப் பிடிக்கும். அறுத்த வாயில் பின்னால் ஒரு சிறு ஆப்பு செருகுங்கள். பிளேடு பலகைக்குக் கீழே 5 மில்லிமீட்டர் நீட்டினால் போதும். பழைய அயினி மரச் சட்டம், தேக்கு நிலை என்றால் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தேடிவிட்டு அறுங்கள். பிளேடில் ரப்பர்ப் பிசின் படிந்தால் மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். சர்க்குலர் சாவைக் கவிழ்த்து மேசையில் பூட்டி, ஸ்விட்சைக் கயிற்றால் கட்டி ‘டேபிள் ரம்பம்’ செய்யாதீர்கள். ஆபத்து வந்தால் அணைக்க வழியே இருக்காது.

தூசுக்குத் தோர்த்தை (துண்டை)க் கட்டிக்கொள்வது போதாது, என்95 முகமூடி வேண்டும். மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உறுதியாகியிருக்கிறது. பதப்படுத்திய ரப்பர் பலகையில் போரான் உப்பும் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கிரைண்டரால் வெட்டவே வெட்டாதீர்கள். கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி. காதுக்கு அடைப்பான்: 100 டெசிபல் சத்தத்தைக் காது பாதிப்பின்றித் தாங்குவது நாளுக்குக் கால் மணி நேரமே.

பக்கத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்தால், மரத்தூள் குவிந்திருந்தால், கிரைண்டரை வெளியே கொண்டுபோய் ஓட்டுங்கள். தீப்பொறி மரத்தூளுக்குள் கனன்று, ஒரு மணி நேரம் கழித்தும் பிடிக்கும். வேலை முடித்த பின் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

ஆழமான வெட்டுக்காயம் பட்டால் காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை மேலே தூக்கி வைத்து, 108ஐ அழையுங்கள். விரல் துண்டானால், அதை ஈரமாக்கிய சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலில் ஐஸ் நேரே படக் கூடாது. சதை உறைந்துவிட்டால் திரும்ப ஒட்டவைப்பது கடினம். பையின் மேல் விபத்து நடந்த நேரத்தை எழுதி, காயம்பட்டவர் போகும் வண்டியிலேயே அனுப்புங்கள்.