சிம்டம் செக்கர் ஆப் நமக்கு ஆப்பு வைக்கிற இடங்கள்

மலேசியாவுல, பினாங்கு ஜெலுத்தோங்ல ஒரு சின்ன கிளினிக்ல கவுண்டர்ல உட்கார்ந்து நம்பர் குடுக்கிற வேலை எனக்கு. முன்னாடி எல்லாம் ஆளுங்க வந்து "அக்கா, ரெண்டு நாளா காய்ச்சல்"னு வாயால சொல்வாங்க, இப்ப போனை நீட்டுறாங்க, உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு தட்டுனா நோய் பேரு சொல்ற சிம்டம் செக்கர் ஆப், அதுல நாலு நோய் பேரு வரிசையா நிக்குது. ஆப் வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான். ராத்திரி ரெண்டு மணிக்கு புள்ளைக்கு உடம்பு கொதிச்சா நானும் போனைத்தான் தேடுறேன். ஆனா அதுகிட்ட என்ன கேட்கணும்னு தெரியாமயே பாதி பேரு கேட்கிறாங்க.

"எனக்கு என்ன நோய்"னு கேட்கிறாங்க பாருங்க, அதுதான் முதல் தப்பு. நோய் பேரு தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? இப்பவே ஓடணுமா, காலையில போனா போதுமா, வீட்லயே கஞ்சி குடிச்சிட்டு படுக்கலாமா, அது தெரிஞ்சா போதும்ல. 2015ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 23 சிம்டம் செக்கரை எடுத்து 45 நோயாளி கதைகளை வச்சு சோதிச்சாங்க. முதல்ல காட்டுற நோய் பேரு சரியா இருந்தது 34 சதவீதம்தான், மூணுக்கு ஒண்ணு. அவசரக் கேஸை அவசரம்னு சொன்னது 80 சதவீதம். கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்படின்னா அஞ்சு அவசரக் கேஸ்ல ஒண்ணை விட்டுருச்சுன்னுதானே அர்த்தம். வீட்லயே பார்த்துக்கிற சில்லறை வியாதியில சரியா சொன்னது 33 சதவீதம்தான், மீதியில பெரும்பாலும் டாக்டரைப் பாருன்னு விரட்டுது. சும்மா சும்மா விரட்டுனா நிஜமாவே "உடனே போ"ன்னு சொல்றப்ப யாரு நம்புவா சொல்லுங்க. அதுவும் அந்த 45 கதையும் டாக்டருங்க அழகா எழுதி வச்ச கதை, நம்ம வீட்டு ஆளுங்க சொல்ற மாதிரி "ஒரு மாதிரியா இருக்கு"ன்னு எழுதுனது இல்ல.

இந்த "ஒரு மாதிரி"யிலதான் ஆப் ஆப்பு வைக்குது. நாம யூஸ் பண்ற ஆப் பெரும்பாலும் இங்கிலீஷ்ல கேள்வி கேட்கும். நம்ம ஆளு "மயக்கமா வருது"ன்னா அது தலை சுத்தலா இருக்கலாம், கண்ணு இருட்டிக்கிட்டு வர்றதா இருக்கலாம், சும்மா அசதியாக்கூட இருக்கலாம். ஆப்ல இது மூணும் தனித்தனி பட்டன், எதைத் தட்டுறீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி பாதையே மாறிடும். "வாயு பிடிச்சிருக்கு"ன்னு நாம சொல்றதுக்கு அங்க பட்டனே கிடையாது.

போன வருஷம் ஒரு அங்கிள் வந்தாரு, அறுபது வயசு இருக்கும், கூட மகன். "கேஸ்ட்ரிக்தான் அக்கா, ஆப்ல பார்த்தாச்சு"ன்னு போனைக் காட்டுறான். காலையில பசியாறிட்டு தோசை நெஞ்சுலயே நிக்கிற மாதிரி இருக்குன்னு அப்பா சொல்லியிருக்காரு, இவன் எரிச்சல்னு தட்டியிருக்கான். நான் அவர் சட்டையைத்தான் பார்த்தேன், ஏர்கோன்ல உட்கார்ந்திருக்காரு, முதுகு பூரா நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. உடனே எங்க மிஸ்ஸி (நர்ஸ்) உள்ள கூட்டிட்டுப் போய் ஈசிஜி எடுத்தாங்க, அப்படியே ஆம்புலன்ஸ்ல ஜிஎச்சுக்கு, அதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், ஹார்ட் அட்டாக். அப்புறம் அந்தப் போனைப் பார்த்தா ப்ரொபைல்ல வயசு 26, இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இல்லன்னு இருக்கு. மகனோட ப்ரொபைல்! அப்பாவுக்கு பதினஞ்சு வருஷமா இனிப்பு நீர். அது பாவம் 26 வயசுப் பையனுக்குத்தான் பதில் சொல்லியிருக்கு, அதைக் குத்தம் சொல்லி என்ன பண்றது.

இனிப்பு நீர் இருக்கிறவங்களுக்கு ஹார்ட் அட்டாக்ல நெஞ்சு வலியே வராம போகலாம், வியர்வை, மூச்சு வாங்குறது, வாந்தி, அவ்வளவுதான் இருக்கும். இந்த நாட்ல இனிப்பு நீர் அதிகமா இருக்கிறது நம்ம இந்தியர்களுக்குத்தான், அதனால வீட்ல யாருக்குப் பார்த்தாலும் அவங்க வயசு, அவங்க வியாதி, அவங்க சாப்பிடுற மருந்து எல்லாத்தையும் புதுசா போடுங்க. நெஞ்சு பாரமா இருந்தாலோ, திடீர்னு வாய் கோணுனாலோ, கை தூக்க முடியலன்னாலோ, பேச்சு குழறுனாலோ ஆப்பைத் திறக்கவே வேணாம், 999க்கு அடிச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. எங்க கிளினிக்குக்கும் வராதீங்க, நாங்களும் அங்கதான் அனுப்பப் போறோம். ஸ்ட்ரோக்ல ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு ஆரம்பிச்சதுல இருந்து நாலரை மணி நேரம்தான் டைம், பினாங்கு பாலத்து ஜாம்ல பாதி போயிடும்.

இன்னொண்ணு டிங்கி, கொசு கடிச்சு வர்ற டெங்கு காய்ச்சல். ரெண்டாவது நாள் ஆப்ல போட்டுப் பார்த்துட்டு "வைரல் காய்ச்சல், ரெஸ்ட் எடு"ன்னு வந்தா அதை ஒரு வாரத்துக்கு எம்சி (மெடிக்கல் லீவு சீட்டு) மாதிரி வச்சுக்கிறாங்க. அன்னைக்கு அது சொன்னது சரியாவே இருக்கலாம், ஆனா டிங்கியில ஆபத்து வர்றது காய்ச்சல் இறங்குறப்ப, பெரும்பாலும் மூணுல இருந்து ஏழாவது நாளுக்குள்ள. நாலாவது நாள் உடம்பு சில்லுன்னு ஆனதும் வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், ஆப்லயும் காய்ச்சல் இல்லன்னு தட்டுனா அதுவும் சாந்தமாயிடும். அப்பதான் வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு இருக்கான்னு பார்க்கணும், ஒண்ணு இருந்தாலும் ஆஸ்பத்திரி. உங்க தாமான்ல (குடியிருப்புல) போன வாரம் கொசுப்புகை அடிச்சாங்களான்னு வெளிநாட்டு ஆப் கேட்காது, எங்க டாக்டர் முதல்ல அதைத்தான் கேட்பாரு. அதுவரைக்கும் பனடோல் (பாராசிட்டமால்) மட்டும், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கிட்டயே போகாதீங்க, ரத்தக்கசிவை அதிகமாக்கும். சளி மாத்திரையிலயும் பல நேரம் பாராசிட்டமால்தான் இருக்கும், ரெண்டையும் சேர்த்து எண்ணுங்க.

பதில் பிடிக்கலன்னா பின்னாடி போய் வலி எட்டை அஞ்சாக்குறது, இது நானே பண்ணியிருக்கேன். "உடனே டாக்டர்"னு வந்துச்சு, நைட் ஷிப்ட் முடிச்ச அலுப்புல இன்னொரு தடவை தட்டுனேன், "வீட்லயே இருக்கலாம்"னு வந்துச்சு, நிம்மதியா தூங்கிட்டேன். சாயந்திரம் எழுந்து பார்த்தா வலி அதே எட்டுலதான் இருக்கு. இப்ப சாட்போட் வந்துடுச்சு, அது இன்னும் மோசம், "வெறும் வாயுதானே"ன்னு நாலு தடவை கேட்டா அதுவும் ஆமாம்னு தலையாட்டிடலாம்.

உள்ள போடுற விஷயம் எங்க போகுதுன்னும் கொஞ்சம் பாருங்க. மாதவிலக்குக் கணக்கு பார்க்கிற ஃப்ளோ ஆப் பயனருங்களோட விஷயத்தை பேஸ்புக், கூகுள் மாதிரி கம்பெனிகளுக்குக் குடுத்துச்சுன்னு அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு எஃப்டிசி புகார் வச்சு 2021ல அது சமரசத்துக்கு வந்துச்சு. பேரு, ஐசி (அடையாள கார்டு) நம்பர் கேட்கிற ஆப்னா எனக்கு உடனே சந்தேகம்தான், தலைவலிக்கு எதுக்கு ஐசி?

கவுண்டருக்கு வர்றப்ப ரிசல்ட் பக்கத்தைக் காட்டாதீங்க, டாக்டர் அதைப் படிக்க மாட்டாரு. காய்ச்சல் எந்த நாள் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது, எவ்வளவு டிகிரி, என்ன மாத்திரை எத்தனை போட்டீங்க, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க, இதைப் போன்ல நோட்ஸ்ல எழுதிட்டு வாங்க. மாத்திரை அட்டையையும் பையில போட்டுக்குங்க, "வெள்ளையா வட்டமா இருக்கும் அக்கா"ன்னு சொன்னா நான் என்னத்தை எழுதுறது.