கொழும்பு வீடுகளில் சேதனப் பசளை தயாரிக்கும் முறை

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, சேதனப் பசளையை ஒரே நாளில் உருவாக்கிவிட முடியாது என்பதை இலங்கை விவசாயிகள் பெரும் இழப்போடு உணர்ந்தார்கள். ஆகவே மூன்று மாதப் பொறுமையோடு தொடங்குங்கள்.

வெள்ளவத்தை போன்ற நெருக்கமான பகுதியிலும், அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட, மூடியுள்ள பீப்பாய் ஒன்று போதும். மரக்கறிக் கழிவிலும் தேயிலைச் சக்கையிலும் நைதரசன் மிகுதி. காய்ந்த இலையிலும் கிழித்த அட்டையிலும் காபன் மிகுதி. காபனும் நைதரசனும் ஏறத்தாழ 30க்கு 1 என அமைய வேண்டுமாதலால், ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரு பங்கு காய்ந்த பொருளைச் சேர்த்து, ஒரு பிடி தோட்ட மண்ணையும் தூவுங்கள். இறைச்சியும் எண்ணெயும் வேண்டாம்.

பெரும்பாலோர் தவறுவது ஈரப்பதத்தில்தான். கலவையைப் பிழிந்தால் ஓரிரு துளிகளே கசிய வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் பீப்பாய் நனைந்தால் உள்ளே காற்றோட்டம் அற்று அழுகல் நாற்றம் எழும், அயலவருக்கும் அது துன்பமே. அப்போது காய்ந்த இலை சேர்த்துக் கிளறுங்கள். மற்றப்படி வாரம் ஒருமுறை கிளறினால் போதும்.

கருமை நிறமும் மண்வாசனையும் வந்ததும், மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு வீதம் கலந்து கத்தரி, மிளகாய்ச் சாடிகளுக்கு இடலாம். இதில் நைதரசன் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதமே என்பதால், நைதரசன் மிகுந்த கிளிரிசிடியா மர இலை கிடைத்தால் அதையும் நறுக்கிச் சாடி மண்ணின் மேல் பரப்புங்கள்.