காலராக் கிருமியை ஆய்வகத்தில் இனங்காணும் முறை

காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்னும் கிருமி உப்பையும் காரத்தையும் தாங்கி வாழும். அமிலம் பட்டாலும் உலர்ந்தாலும் விரைவில் மடிந்துவிடும். நோயாளியின் படுக்கை அருகில் மாதிரி எடுப்பது முதல் வளர்ப்புத் தட்டில் காலனியை (கண்ணுக்குத் தெரியுமளவு பெருகிய கிருமித் திரளை) பார்ப்பது வரை நாம் செய்யும் பெரும்பாலான வேலைகள் இந்தக் குணத்தைச் சார்ந்தவையே. திருநெல்வேலி மாவட்டத்தின் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, இராதாபுரம் போன்ற ஊர்களின் ஆய்வகங்களில் புதிதாகப் பணியில் சேர்ந்திருப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

மலம் அரிசி களைந்த கழுநீர்போல் வெண்மையாகக் கழியும்போது, முதல் வேளை ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிட வேண்டும். மலம் பிடிக்கும் பாத்திரத்தில் பிளீச்சிங் பவுடரோ பினாயிலோ சிறிதும் ஒட்டியிருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க முடியாத மாதிரியை வெங்கட்ராமன்–ராமகிருஷ்ணன் திரவத்தில் இட்டு அனுப்புவது நம் பகுதிக்கு மிகவும் பொருத்தமானது. 1941-இல் வெளியான இம்முறைக்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு லிட்டர் வாலை வடிநீரில் 20 கிராம் கடலுப்பும் 5 கிராம் பெப்டோனும் (கிருமிக்கு உணவாகும் சிதைத்த புரதம்) கரைத்து, பி.எச். என்னும் அமில-கார அளவை 8.6-க்கும் 8.8-க்கும் இடையில் நிறுத்தி, புட்டிக்கு 20 மில்லி வீதம் ஊற்றி ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கம்) செய்தால் போதும். இதற்கு வேண்டியது சுத்திகரித்த மேசை உப்பு அன்று, உப்பளத்துக் கல்லுப்பு. 1986 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த தூத்துக்குடியின் உப்பளங்கள் அருகில் இருக்கும்போது அதற்குப் பஞ்சமில்லை. புட்டிக்கு ஒன்று முதல் மூன்று மில்லி மலம் சேர்த்தால், கிருமி பெருகாமலும் சாகாமலும் பல நாள் தாங்கும். ஆசனவாய்ப் பஞ்சுக்குச்சியானால் மாதிரியைக் காத்து அனுப்ப உதவும் கேரி–பிளேர் ஊடகத்தில் செருகி அனுப்புங்கள்.

இப்படி அனுப்பும் மாதிரிக்குப் பனிக்கட்டி வேண்டியதில்லை. ஒரு மழைக்காலத்தில் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து மூன்று பஞ்சுக்குச்சிகள் எந்தத் திரவமும் இல்லாமல், தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டிக்கு நடுவே எங்களிடம் வந்து சேர்ந்தன. அக்கறையோடு செய்த வேலைதான் அது. ஆனாலும் பஞ்சு காய்ந்து விறைத்திருந்தது, மூன்றிலும் எதுவும் வளரவில்லை. அந்த ஊரில் வந்தது காலராவா இல்லையா என்று எங்களால் சொல்ல முடியாமல் போனது இன்றும் எனக்கு வருத்தமே.

மாதிரி கைக்கு வந்தவுடன் ஒரு சொட்டைத் தொங்குதுளி முறையில் (குழிவுள்ள வில்லையில் துளியைத் தொங்கவிட்டு) நுண்ணோக்கியில் பாருங்கள். குளத்தங்கரையில் கால் வைத்ததும் அயிரைக் குஞ்சுகள் விருட்டென்று சிதறுவதைப்போல், ஒற்றைக் கசையிழையுள்ள இக்கிருமிகள் பார்வைப் பரப்பைக் குறுக்கே வெட்டிப் பாயும். காலராக் கிருமியின் ஓ1 வகையைப் பற்றித் திரளச் செய்யும் ஓ1 ஆன்டிசீரம் ஒரு துளி சேர்த்தவுடன் அந்த ஓட்டம் நின்றால் ஐயம் வலுப்படும். இது முடிவன்று, சில நிமிடங்களில் மருத்துவரை எச்சரிக்க உதவும் அறிகுறி மட்டுமே.

அடுத்து, மாதிரியை நேரடியாக டி.சி.பி.எஸ். (மற்றக் கிருமிகளை அடக்கி விப்ரியோவை வளர்க்கும் ஊடகம்) தட்டில் ஒரு கோடும், காரப் பெப்டோன் நீரில் ஒரு பங்கும் இட வேண்டும். பி.எச். சுமார் 8.5 உள்ள இந்த நீரில் குடலின் மற்றக் கிருமிகள் தயங்கி நிற்கும்போதே விப்ரியோ விரைந்து பெருகி, காற்றை நாடி மேற்பரப்புக்கு வந்துவிடும். 37 டிகிரி செல்சியஸில் ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து, குழாயைக் குலுக்காமல் மேல்மட்டத்திலிருந்து மட்டும் லூப்பால் எடுத்துத் தட்டில் இழையுங்கள். அடியிலிருந்து எடுப்பதும், குலுக்கிவிட்டு எடுப்பதும் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும். இரவு ஆளில்லாமல் அந்நேரம் தவறினால், காலையில் புதிய பெப்டோன் நீருக்கு மாற்றி மீண்டும் ஆறு மணி நேரம் வளர்த்த பின் இழைக்கலாம்.

டி.சி.பி.எஸ். ஊடகத்தைக் கொதிக்க வைத்துக் கரைத்தால் போதும். ஆட்டோகிளேவில் வைத்தால் கெட்டுவிடும். 18 முதல் 24 மணி நேரத்தில், பச்சைத் தட்டின்மீது இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அகலத்தில், சற்றே தட்டையாக, நடுவில் மங்கலும் ஓரத்தில் ஒளி ஊடுருவும் தன்மையும் கொண்ட மஞ்சள் காலனிகள் தோன்றும். சுக்ரோஸ் சர்க்கரையைப் புளிக்கச் செய்வதால் வரும் மஞ்சள் அது. இன்குபேட்டரிலிருந்து எடுத்தவுடனே பாருங்கள். வெளியில் கிடந்தால் மஞ்சள் மறுபடி பச்சையாக மாறக்கூடும். கடல் மீன் வழியாக வரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாகவே வளரும். ஆனால் மஞ்சளெல்லாம் காலரா அன்று: விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸும், சில புரோட்டியஸ் வகைகளும் மஞ்சளாகவே தோன்றும்.

ஆகவே ஐயமான காலனியை உப்புச் சேர்ந்த சாதாரண நியூட்ரியன்ட் அகார் தட்டுக்கு மாற்றிய பிறகே சோதனைகளைத் தொடர வேண்டும். ஆக்சிடேஸ் என்னும் நொதியை நிறமாற்றத்தால் காட்டும் சோதனையை டி.சி.பி.எஸ். காலனியிலிருந்து நேரடியாகச் செய்தால் தவறான விடை வரலாம். நிக்ரோம் லூப்பிலுள்ள இரும்பும் நிறத்தைத் தானே உண்டாக்கிவிடும் என்பதால், பிளாட்டினம் லூப்போ மரக்குச்சியோ பயன்படுத்துங்கள். பத்து விநாடிக்குள் கருநீலம் தோன்ற வேண்டும். பின்னர் 0.5 சதவீத சோடியம் டீஆக்சிகோலேட் கரைசலில் காலனியைக் குழைத்து லூப்பை மெல்ல உயர்த்தினால், ஒரு நிமிடத்துக்குள் பலாப்பழப் பால்போல் நூல் நீளும். இதைப்போலத் தோன்றும் ஏரோமோனாஸ் என்னும் கிருமி பெரும்பாலும் இப்படி நீளாது. உப்பே இல்லாத பெப்டோன் நீரிலும் வளர்வது விப்ரியோ காலரேயை அதன் உறவினர் பலரிடமிருந்து பிரித்துக் காட்டும்.

அடுத்தது ஆன்டிசீரம் சோதனை. கண்ணாடி வில்லையில் முதலில் உப்புநீரில் மட்டும் காலனியைக் குழைத்துப் பாருங்கள்; அங்கேயே திரண்டால் அந்த வளர்ப்பைக் கொண்டு முடிவு சொல்லக் கூடாது. சீராகக் கலங்கினால் ஓ1 ஆன்டிசீரத்தைச் சேர்த்து, ஒரு நிமிடத்துக்குள் தெளிவாகத் திரள்கிறதா என்று பார்த்து, பிறகு ஓ1-இன் உட்பிரிவுகளான ஒகாவா, இனாபா ஆகியவற்றின் ஆன்டிசீரங்களைக் கொண்டு தனித்தனியே சோதியுங்கள். ஓ1-க்குத் திரளாவிட்டால் ஓ139 ஆன்டிசீரத்தைக் கட்டாயம் சேர்த்துப் பாருங்கள். 1992-இன் பிற்பகுதியில் சென்னையில் பரவிய கிருமி ஓ1-க்குத் திரளவில்லை. அதுவரை ஓ1 மட்டுமே பெருங்கொள்ளை நோயை உண்டாக்கும் என்று நம்பியிருந்தனர். அந்தப் புதிய வகைதான் பின்னர் ஓ139 என்று பெயர் பெற்றது.

இரண்டுக்கும் திரளாத விப்ரியோ காலரேயைக் ‘காலரா’ என்று எழுதாமல், ‘ஓ1, ஓ139 அல்லாதது’ என்றே அறிக்கையில் குறிப்பிடுங்கள். விரைவுச் சோதனைக் கீற்று ஊரில் நோய் பரவுகிறது என்று எச்சரிக்கப் பயன்படும். அது காட்டும் கோட்டை மட்டும் நம்பி உறுதி செய்யக் கூடாது, வளர்ப்புச் சோதனை செய்தே ஆக வேண்டும். ஓ1 உறுதியானவுடன் அச்சான அறிக்கைக்குக் காத்திராமல் மாவட்டச் சுகாதார அலுவலருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். குடிநீரில் குளோரின் கலக்கும் வேலை அந்த மணி நேரத்திலேயே தொடங்கலாம். மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்னும் சோதனையும், நச்சு மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையும் அடுத்தடுத்து நடக்கட்டும். உறுதி செய்த கிருமியை மேல் ஆய்வகத்துக்கு டி.சி.பி.எஸ். தட்டில் அனுப்பாமல், நியூட்ரியன்ட் அகார் குழாயில் குத்தி வளர்த்து இறுக மூடி அனுப்புங்கள். மீதித் தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து கழிக்க வேண்டும். மாதிரி வந்த புட்டிகளையும் அவ்வாறே செய்து, கழுவி, புதிய திரவம் ஊற்றி, அடுத்த வண்டியிலேயே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.