ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்க ஆள் சேர்ப்பது: கணக்கும் கூலியும்

ஏற்காட்டில் அராபிகா வகைக் காப்பி நவம்பரில் பழுக்கத் தொடங்கி ஜனவரி வரை போகும். எல்லாத் தோட்டமும் ஒரே சமயத்தில் ஆள் தேடுகிறது. மலைக்கிராமத்து ஆட்களில் பலர் அதற்குள் கேரளத் தோட்டங்களுக்கோ திருப்பூருக்கோ போயிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் வேலை தரும் தோட்டத்தை நம்பி எந்தக் குடும்பமும் மீதி ஒன்பது மாதம் காத்திருக்க முடியாது.

முதலில் எத்தனை ஆள் வேண்டும் என்பதை அக்டோபரிலேயே கணக்கிடுங்கள். 6-க்கு 6 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 செடி வரும். நிழல் மர இடமும் பட்டுப்போன செடியும் கழித்து 1,000 என்று வையுங்கள். மேடு, பள்ளம், ஓரம், நடு எல்லாம் கலந்து 30 செடி பாருங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கிளையின் காயை எண்ணி, கிளைக்குச் சராசரி எடுத்து, காய்த்த கிளைகளின் எண்ணிக்கையோடு பெருக்கினால் போதும். ஏறக்குறைய 600 பழம் ஒரு கிலோ.

செடிக்கு 1 கிலோ என்றால் 5 ஏக்கரில் 5,000 கிலோ. பழம் ஒரே சமயத்தில் பழுக்காது, அதனால் சுற்றுச் சுற்றாகப் பறிக்க வேண்டும். உதாரணத்துக்கு முதல் சுற்றில் 750, நடுச் சுற்றில் 3,250, கடைசியில் 1,000 கிலோ என்று பிரிப்போம். பழம் சிதறிக் கிடக்கும் முதல், கடைசிச் சுற்றுகளில் ஓர் ஆள் நாளுக்கு 25 கிலோ பறித்தால் முறையே 30, 40 ஆள்நாள் (ஓர் ஆளின் ஒரு நாள் வேலை) ஆகும். நடுச் சுற்றில் 50 கிலோ வீதம் 65 ஆள்நாள். பத்து நாளில் முடிக்க 7 பேர் வேண்டும். பல்ப்பர் (பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்) ஒரு நாளில் அரைக்கும் அளவைத் தாண்டி ஆள் வைக்காதீர்கள். அன்றைய பழத்தை அன்றே அரைக்காவிட்டால் குவியல் சூடேறிப் புளித்துவிடும்.

ஏழு பேரைத் தனியாகப் பிடிப்பது சிறு விவசாயிக்குக் கஷ்டம். கீழ்ச்சரிவில் பழம் முந்தும், மேலே பிந்தும். அந்த வரிசையில் மூன்று, நான்கு தோட்டக்காரர்கள் ஒரே குழுவை மாற்றி மாற்றி அழைத்தால் குழுவுக்குத் தொடர்ந்து வேலை இருக்கும், பாதியில் ஆள் கலையாது.

பெரும்பாலும் சிக்கல் கிலோக் கூலியில்தான். சீசன் முழுக்க ஒரே விலை வைத்தால் முதல் சுற்றுக்கு ஆள் வராது. நாள் கூலி ரூ.500 என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ கிடைக்கும் நாளில் கிலோவுக்கு ரூ.20, 50 கிலோ நாளில் ரூ.10. இந்த 25, 50 கிலோ என்ற சராசரியை வேகமான ஒரே ஆளை வைத்துக் கணக்கிடாதீர்கள். அப்படிச் செய்தால் வயதான பெண்கள் அரைக் கூலியோடு வீடு திரும்புவார்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். கிலோக் கணக்கில் எவ்வளவு குறைந்தாலும் நாள் கூலிக்குக் கீழே போகாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று.

எடை போடும்போது சாக்குக்கு என்று மொத்தமாக 2 கிலோ கழிப்பது திருட்டு. ஈரச் சாக்கைத் தனியாக நிறுத்து, அந்த எடையை மட்டும் கழியுங்கள். மதியமும் மாலையும் பறித்தவர் கண்முன்னே நிறுத்து, இரண்டு நோட்டில் எழுதுங்கள், ஒன்று அவரிடம் இருக்கட்டும். பறித்த பழத்திலிருந்து பச்சைக்காய் பொறுக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. அது இல்லையென்றால் அவசரத்தில் கிளையோடு உருவுவார்கள், அடுத்த வருஷத்துப் பூ மொட்டும் சேர்ந்து போகும்.

ஆள் வெளியூர் போவதற்கு இன்னொரு காரணம் அங்கே கிடைக்கும் தீபாவளி முன்பணம். ஐந்து, ஆறு நாள் கூலியை நீங்களே முன்பணமாகக் கொடுங்கள், வாரக் கூலியில் கால் பங்குக்கு மேல் பிடிக்காதீர்கள். கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது கொத்தடிமை முறை. அதுவும் 1976 முதல் குற்றம். ஆட்களை ஏற்றி வரும் ஜீப் வாடகையைக் கூலியில் கழிக்க வேண்டாம்.

கடைசிச் சுற்றில் ஆள் குறைவு என்று செடியிலும் தரையிலும் பழத்தை விட்டுவிட்டால் காய்த்துளைப்பான் வண்டு அதிலேயே பெருகி அடுத்த காய்ப்பில் ஏறும். அந்தச் சுற்றில் பழம் குறைவாக இருக்கும், அதனால் கிலோக் கணக்கை விட்டு நாள் கூலியே கொடுங்கள்.

ஜனவரியில் கணக்கு முடிக்கும் அன்றே அடுத்த வேலைகளின் தேதியைச் சொல்லுங்கள்: சில்வர் ஓக் நிழல் மரத்தில் ஏறிய மிளகைப் பறிப்பது, அறுவடைக்குப் பிந்தைய கவாத்து, தண்டுத்துளைப்பான் வண்டு தாக்கிய செடி தேடுவது, மழைக்கு முன் நிழல் மரக் கிளைகளைக் கழிப்பது.