உச்ச நீதிமன்ற நீதிபதி எப்படி நியமிக்கப்படுகிறார், எந்த நாள் வரை பதவியில் இருப்பார்?

இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு இத்தனை ஆண்டுகள் என்று வரையறுத்த பதவிக்காலம் கிடையாது. ஆயினும், ஒருவர் எந்த நாள் வரை பதவியில் இருப்பார், தலைமை நீதிபதி ஆவாரா என்பவற்றைப் பெரும்பாலும் இரண்டே தேதிகளைக் கொண்டு கணித்துவிடலாம்.

படி 1: தகுதியைப் பாருங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 124ஆவது பிரிவின்படி, இந்தியக் குடிமகனாக இருப்பவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக 5 ஆண்டுகளோ, உயர் நீதிமன்ற வழக்கறிஞராக 10 ஆண்டுகளோ பணியாற்றியிருக்க வேண்டும். சிறந்த சட்ட அறிஞர் என்ற மூன்றாவது வழி ஏட்டளவில் உள்ளது.

படி 2: பரிந்துரையைக் கவனியுங்கள். தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த நான்கு மூத்த நீதிபதிகளும் அடங்கிய கொலீஜியம் பெயரைப் பரிந்துரைக்கிறது. அது சட்ட அமைச்சகம், பிரதமர் வழியாகக் குடியரசுத் தலைவரைச் சென்றடைய, அவர் நியமன ஆணை பிறப்பிக்கிறார். அரசு மறுபரிசீலனை கோரலாம். கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தினால் நியமித்தாக வேண்டும். ஆனால் அரசு கோப்பினை நிலுவையில் வைத்தால் என்ன செய்வது என்பதற்குத் தெளிவான விடை இல்லை. இம்முறையின் பெரிய ஓட்டை இதுவே என்பேன். 1993, 1998 தீர்ப்புகளால் உருவான இந்த ஏற்பாட்டுக்கு மாற்றாக 2014-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை, 2015-இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது.

படி 3: பதவியேற்ற தேதியையும் பிறந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னது பதவி மூப்பைத் தீர்மானிக்கிறது. ஓய்வு வயது 65 என்பதால், பின்னது கடைசி நாளைச் சொல்லிவிடுகிறது. தீபக் மிஸ்ராவும் செலமேஸ்வரும் 2011 அக்டோபர் 10 அன்று, ஒரே நாளில் பதவியேற்றனர். மிஸ்ரா முதலில் உறுதிமொழி எடுத்ததால் அவரே மூத்தவராகக் கருதப்பட்டு, 2017-இல் தலைமை நீதிபதியானார். 1953 அக்டோபர் 3-இல் பிறந்த அவர் 2018 அக்டோபர் 2 வரை பதவியில் இருந்தார். வயதில் மூத்தவரான செலமேஸ்வரோ அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே, தலைமை நீதிபதி ஆகாமல், ஓய்வுபெற்றார். மூத்தவரே தலைமை நீதிபதி என்பது மரபுதான். 1973-இலும் 1977-இலும் அது மீறப்பட்டது.

படி 4: விதிவிலக்குகளைக் கழியுங்கள். நீதிபதி தாமாக விலகலாம். நீக்குவதற்கோ, நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1993-இல் நீதிபதி வி. ராமசாமிக்கு எதிரான தீர்மானம், ஆளுங்கட்சியான காங்கிரஸ் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் மக்களவையிலேயே தோற்றது.