அதிரடிப்படை ஆசை இருக்கிற தர்மபுரி, கிருஷ்ணகிரி தம்பிகளுக்கு

பாப்பாரப்பட்டிப் பக்கம் 2004 அக்டோபர் 18 ராத்திரி வீரப்பன் கதை முடிந்ததிலிருந்து நம்ம பக்கத்துப் பையன்களுக்கு அதிரடிப்படை என்றாலே தனி மயக்கம். ஆனால் அது மாநிலப் போலீஸ். அதற்குச் சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி, முதலில் போலீஸாக வேண்டும். நீங்கள் வீடியோவில் பார்த்து வாய் பிளக்கிற மெரூன் தொப்பி ராணுவத்தின் பாரா ரெஜிமென்ட், அதாவது பாராசூட்டில் குதிக்கிற படைப்பிரிவு. அதிலும் தொப்பி எல்லாருக்கும் உண்டு, ஸ்பெஷல் ஃபோர்ஸ் ஆளுக்கு அடையாளம் மார்பில் இருக்கிற பலிதான் பேட்ஜ். கருப்புப் பூனை என்.எஸ்.ஜி.க்கு (தேசியப் பாதுகாப்புப் படை) நேரடி ஆளெடுப்பே இல்லை, ராணுவத்திலிருந்தும் மத்தியப் போலீஸ் படைகளிலிருந்தும் டெபுடேஷனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு மாற்றுப் பணியாக, போகிறவர்கள்தான்.

ஆக, ராணுவ வழியில் எந்தப் பக்கம் சுற்றினாலும் முதலில் சாதாரண சிப்பாய் ஆக வேண்டும். 2022-லிருந்து அதற்கு வழி அக்னிவீர். நான்கு வருஷம், அப்புறம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜெனரல் டியூட்டிக்குப் பத்தாவதில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33 வேண்டும். நம்ம இரண்டு மாவட்டமும் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஆன்லைன் தேர்வு முதலில், ஓட்டம் அப்புறம். ஓடத் தெரிந்தால் போதும் என்று புத்தகத்தைத் தொடாதவன் மைதானத்தையே பார்க்க மாட்டான். ஆபீசராகப் போக நினைத்தால் பன்னிரண்டாவதோடு என்.டி.ஏ. தேர்வு, டிகிரியோடு சி.டி.எஸ். தேர்வு.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் முழு 60 மார்க், பீமில் தொங்கிப் பத்து புல்-அப் எடுத்தால் 40. நான் முதல் தடவை தோற்றது இந்த ஓட்டத்தில்தான். ராத்திரி முழுக்க பஸ்ஸில் தூங்காமல் போய், கூட்டத்தோடு கூட்டமாக முதல் சுற்றை வெறி பிடித்தமாதிரி ஓடி, மூன்றாவது சுற்றில் நெஞ்சு அடைத்து நின்றுவிட்டேன். 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றுக்கு 82 வினாடி, இந்தக் கணக்கு உடம்பில் பதிகிறவரை வாட்சைப் பார்த்து ஓடுங்கள். முதல் சுற்றில் பத்துப் பேர் உங்களைத் தாண்டிப் போவான், போகட்டும்.

மெடிக்கலில் பல்லையும் எண்ணுவார்கள், நல்ல பற்களுக்குக் கொடுக்கிற டென்டல் பாயின்ட் 14 வேண்டும். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர் நம்முடையது, அதனால் ஆறு மாதம் முன்னாலேயே பல் டாக்டரிடம் காட்டிச் சொத்தையை அடைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வானதும் பாரா கேளுங்கள். அதன் பயிற்சி மையம் பெங்களூரில், கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரச் சொச்சம். வேறு ரெஜிமென்ட் கிடைத்தாலும் மனம் விட வேண்டாம், அங்கிருந்தும் விருப்பம் கொடுத்து வரலாம். ஸ்பெஷல் ஃபோர்ஸ் புரபேஷன், அதாவது சோதனைக் காலம், மூன்று மாதம். தூக்கமில்லை, சரியான சாப்பாடில்லை, முதுகில் சுமையோடு ராத்திரி பகலாக நடை. வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் பழைய யூனிட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் திரும்புகிறார்கள். தேறியவர்கள் ஆக்ராவில் பாராசூட்டோடு ஐந்து முறை குதிக்க வேண்டும், அதில் ஒன்று இருட்டில்.

இதற்கு இங்கேயே தயாராகலாம். ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலை ரோட்டில் பழைய பையில் எட்டு கிலோ மணலைக் கட்டி ஏறுங்கள். நடை மட்டும்தான், சுமையோடு ஓடினால் முட்டி போய்விடும். பை தோளில் ஆடக் கூடாது, மணலைத் துணியில் சுற்றி மேல்பக்கமாக, முதுகோடு ஒட்டி வையுங்கள். ஷூ பழகினதாக இருக்கட்டும், குதிகாலில் கொப்புளம் வந்தால் எவ்வளவு தைரியசாலியும் நொண்டிதான். ஒகேனக்கல்லில் நீச்சல் பழகுகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள், அந்தச் சுழல் யாரையும் விடாது. இந்தி கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், கட்டளை புரியாமல் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் செய்கிறவன் எப்போதும் ஒரு வினாடி பின்தங்கியே இருப்பான்.

நேரடியாக கமாண்டோவில் சேர்த்துவிடுகிறேன், இரண்டு லட்சம் கொடு என்று யாராவது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2025-இல் ஆன்லைன் தேர்வுக்கு நாம் கட்டியது 250 ரூபாய்.